இடக்கை முடிச்சு

நீர் வற்றும் நேரம்தான் எங்கள் வேலைநேரம்.
இன்று காலை ஆறு பத்து.
நாளை ஏழு ஆகிவிடும்.
சிலோயே தீவில் மழைக்கு மட்டும்
நேரம் காலம் கிடையாது.

முழங்கால்வரை சேறு.
சால்மன் பண்ணைகள் கைவிட்ட கயிறுகள்
பாதி புதைந்து கிடக்கின்றன,
நீலம், பச்சை, காமாலை மஞ்சள்.
நாங்கள் நாலு பேர்.
எதுவினா, ஒர்த்தென்சியா,
அதிகம் பேசாத நெல்டா, நான்.
ஒருத்தி இழுத்தால் கயிறு அசையாது.
நாலு பேரும் இழுத்தால்
சேறு ஒரு ஏப்பம் விட்டுக் கொடுத்துவிடும்.

பதினோரு வருஷம் மீன் ஆலையில் முள் பிடுங்கினேன்.
செம்பாசி பூத்த கோடையில்
மீன்கள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன.
எங்களுக்கு ஆளுக்கொரு கடிதம்,
ஒரு டின் பிஸ்கட்.
கிளம்பும்போது இடுக்கியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்,
யாரும் கேட்கவில்லை.
அதே இடுக்கிதான் இப்போது
நைலான் புரிகளுக்குள்ளிருந்து
சிப்பித் துணுக்குகளைப் பிடுங்குகிறது.
விரலுக்கு வித்தியாசம் தெரியவில்லை.
முதுகு மட்டும்
தன் இஷ்டத்துக்கு நிமிர்ந்துகொள்கிறது.

கரை ஒதுங்கிய மிதவையை இரண்டாய் அறுத்தால்
இரண்டு தொட்டி.
மூன்று தண்ணீர் அலசி,
விறகடுப்பின் மேல் கொடி கட்டி உலர்த்தி,
பழைய கதவில் ஆணியடித்த தறியில்
மிதியடி, விறகுக்கூடை, நாற்காலிக்கு இருக்கை.
முதல் கூடைக்கு அலசியது போதவில்லை,
மூன்று வீடு தாண்டியும் நாறியது.
ஒர்த்தென்சியாவின் நாய் அதில் ஏறிப் படுத்தது.
இன்றுவரை யாருக்கும் விட்டுத்தரவில்லை.

பிறகு ஒரு ஆர்டர் வந்தது.
அறுபது மிதியடி,
ஆண்டு இறுதிப் பரிசு, மேலாளர்களுக்கு.
யாரென்று பார்த்தால்
அதே சால்மன் கம்பெனி.
சும்மா விட்டெறிந்ததை
ஒன்று பதினெட்டாயிரம் பெசோவுக்கு வாங்குகிறார்கள்.
எதுவினா சிரித்துச் சிரித்து இருமினாள்.
நெல்டா தலை நிமிராமல் சொன்னாள்:
“நல்லா காலைத் துடைக்கட்டும்.”

நாற்பத்தோராவது மிதியடிக்கு
நீலக் கயிறு ஒன்றைப் பிரித்தபோது
ஒரு முடிச்சு.
ஊரில் எல்லோர் முடிச்சும் ஒரு பக்கம் சுற்றும்.
இது மறுபக்கம்.
இப்படிக் கட்டுகிற கை
எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும்,
ஆறு வயதில் ஷூ லேஸ் கட்டச் சொல்லிக்கொடுத்து
நான் தோற்றுப்போன கை.
நவேல். என் மகன்.
பதினாலு நாள் மீன்கூண்டுகளின் மேல்,
பதினாலு நாள் வீட்டில்.

“புயல்ல அறுந்துபோச்சும்மா” என்றிருந்தான் ஜூனில்.
நுனியைப் பார்த்தேன்.
அறுந்த கயிறு தலைவிரித்திருக்கும்.
இது ரொட்டி வெட்டியதுபோல் நேராக இருந்தது.
பதினோரு வருஷம் கத்திகளுக்கு நடுவே நின்றவள் நான்,
எனக்குத் தெரியாதா?
வெட்டு, விடு, நேரமில்லை என்று
படகிலிருந்து கத்தியது யாரென்பதும்
ஊகிக்க முடியாததில்லை.

முடிச்சை அவிழ்க்கவில்லை.
அப்படியே வைத்து நெய்தேன்.

டிசம்பர் கடைசியில் போன் வந்தது.
ஒரு மிதியடியில் கட்டி இருக்கிறதாம், கால் இடறுகிறதாம்.
நிறமும் ஒன்றுபோல் இல்லையாம்.
“புதுக்கயிறே அனுப்புகிறோம், கம்பெனி நீலத்தில்.
சேற்றில் இறங்கி ஏன் கஷ்டப்படுகிறீர்கள்?”
எதுவினா போனை என் பக்கம் நீட்டினாள்.
நான் நெல்டாவிடம் கொடுத்தேன்.
நெல்டா பேச மாட்டாள் என்று
அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, பாவம்,
ஹலோ ஹலோ என்று
கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

திரும்பி வந்த மிதியடி இப்போது என் வாசலில்.
நேற்று நவேல் வந்தான்.
பூட்ஸைத் துடைத்தான்.
குதிகால் அந்தக் கட்டியில் நின்றது.
நனைந்த தொப்பியைக்கூடக் கழற்றாமல்
குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.
உள்ளே உருளைக்கிழங்கு சூப் ஆறிக்கொண்டிருந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
நாளை ஐந்தேமுக்காலுக்கு நீர் வற்றும்,
இன்னொரு ஜோடிக் கை இருந்தால் நல்லது
என்று மட்டும் சொன்னேன்.

பதிலில்லை.
இடக்கையால் ஸ்பூனை எடுத்தான்.